ஆறரை மணி அறிக்கை

அந்தப் போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள் அண்ணாச்சி. அது கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் பேசுகிறது, தும்முகிறது, பக்கத்தில் நான் பேசுகிறது எல்லாம் எந்தத் தேசத்திலோ ஒரு ஏசி போட்ட கொட்டகையில் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். பெரிய பைக்குள் போடுங்கள். துணிக்கு நடுவில். ம், அப்படி. இனி நிம்மதியாகப் பேசலாம்.

எங்கே, குரும்பூரா? நான் திருச்செந்தூர். இல்லையில்லை, சாமி கும்பிட இல்லை. என் வீட்டுக்காரியைக் கூப்பிடப் போகிறேன். சஷ்டிக்கு என்று கோயிலுக்குப் போனவள், நாலு நாளாகிறது, கோபித்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். போகும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வாசக் கேமராவுல நேத்து மத்தியானம் உள்ளதப் பாக்காம அழிச்சிருங்க. அழிச்சிட்டு வந்து கூப்பிடுங்க, வாரேன்." அவ்வளவுதான். நான் அழிக்கவில்லை. அதைவிட நல்ல காரியம் ஒன்று செய்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுச் சமாச்சாரத்தை மூன்றாவது மனிதரிடம் சொல்லக்கூடாதுதான். அதில் நான் ரொம்பக் கண்டிப்பு. எங்கள் வீட்டுச் சேதி மூன்று வருஷமாக ஒரு சொட்டு வெளியே கசிந்ததில்லை. அதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வருகிறேன். உங்களைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் மாதிரி இருக்கிறது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள், காற்றில் சரியாகக் கேட்காது.

என் பெயர் கோமதிநாயகம். பாளையங்கோட்டை. பத்தொன்பது வருஷம் மஸ்கட்டில் இருந்தேன், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற பிளாண்டில். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தால் அறுநூற்று நாற்பது வால்வு சுவரில் தெரியும். எங்கோ மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வால்வு அரைத் திருகு திறந்தாலும் எனக்கு விளக்கு எரியும். யார் திறந்தது, எப்போது திறந்தது, ஏன் திறந்தது. மூன்றுக்கும் பதில் வேண்டும். இல்லாவிட்டால் ஷிப்டு முடியாது.

அப்படி இருந்தவன் ஊரோடு வந்து பார்த்தால், என் சொந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மோட்டாரை யார் போட்டது? டேங்க் எப்போது நிறைந்தது? வடிவிடம் கேட்டால் (வடிவு என்றால் என் வீட்டுக்காரி, வடிவாம்பாள்) "தண்ணி விழுத சத்தம் கேட்டா நெறஞ்சிட்டுன்னு அர்த்தம்" என்கிறாள். பத்தொன்பது வருஷம் அந்த வீட்டைக் காதால் ஓட்டியிருக்கிறாள் அண்ணாச்சி!

நான் வந்த கையோடு நவீனமாக வாங்கினேன். போனில் அணைக்கிற பல்பு, தானாக ஓடுகிற விசிறி, சொன்னதைக் கேட்கிற டிவி. ஒரு நாள் சும்மா இருக்கிறோமே என்று வீட்டு இன்டர்நெட்டில் என்னென்ன வெளியே போகிறது என்று அலசினேன். படுக்கையறை பல்பு, அண்ணாச்சி! ஒரு நாளைக்கு நானூறு தடவை வெளிநாட்டுக்குப் பேசுகிறது. வெளிநாட்டில் கிடந்த நானே வீட்டுக்கு அவ்வளவு பேசினதில்லை. ஒரு பல்புக்கு அப்படி என்ன பேச்சு? யார் எப்போது படுக்கிறார்கள், எப்போது எழுந்திருக்கிறார்கள், இதை எவனோ ஒருத்தன் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருப்பானா? மானமுள்ளவன் சும்மா இருப்பானா? நீங்களே சொல்லுங்கள்.

ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பல்பு, பிளக், விசிறி, டிவி. உள்ளே கம்பெனிக்காரன் எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டு நானே எழுதிப் போட்டேன். நாலு மாசம். சால்டரிங் வைத்து வைத்து இந்த விரல் நகத்தைப் பாருங்கள், இன்னும் கறுப்பு போகவில்லை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி பூஜை அலமாரிக்கு மேலே வைத்தேன். வீட்டில் உள்ள அத்தனையும் அதோடுதான் பேசும். வெளியே போகிற வழியெல்லாம் அடைத்தாச்சு. சித்திரகுப்தன் என்று பெயர் வைத்தேன்.

அந்தச் சுகம் சொன்னால் புரியாது. கார் பின்னால் போகும்போது கீக் கீக் என்று கத்துமே ஒரு சென்சார், அதைக் கழற்றி டேங்க் மூடியில் வைத்து, தண்ணீர் எத்தனை விரல்கடை நிற்கிறது என்று பார்க்கிற மாதிரி செய்தேன். நிறைந்தால் மோட்டார் தானே நிற்கும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுச் சொர்ணம் மதினி, லேசில் யாரையும் மெச்சாத பொம்பளை, "தம்பி, எங்க வீட்டு மோட்டாருக்கும் இதே மாதிரி ஒரு புத்தி வச்சுக் குடுங்க" என்று கேட்டு வந்தாள். வைத்துக் கொடுத்தேன்.

அப்புறம் கை சும்மா இருக்குமா? ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்று. கேஸ் சிலிண்டருக்கு அடியில் எடை பார்க்க ஒன்று. மிக்ஸி எத்தனை நிமிஷம் ஓடுகிறது, கிரைண்டர் எத்தனை நிமிஷம், இஸ்திரிப்பெட்டி எத்தனை நிமிஷம். யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று போனை வைத்தே கண்டுபிடிக்கிற மாதிரி ஒன்று. வாசலில் கேமரா. எல்லாம் வீட்டுக்குள்ளேயே, வெளியே ஒரு எழுத்து போகாது. மத்தியானம் ஒரு மணி நேரம் டிவி ஓடினால் அது எனக்கும் சித்திரகுப்தனுக்கும் மட்டும்தான் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அதுதான் அண்ணாச்சி பாதுகாப்பு.

சாயங்காலம் காப்பி குடிக்கும்போது வடிவுக்கு வாசித்துக் காட்டுவேன். "இன்னைக்கு ஃப்ரிட்ஜ் இருபத்தாறு தடவை. நேத்து பத்தொம்பது. அந்த ஏழு எதுக்கு?" கோபமாக எல்லாம் கேட்க மாட்டேன். பிளாண்டில் கேட்கிற மாதிரிதான் கேட்பேன். அவள் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் சொன்னாள், "சித்திரகுப்தன்கூட ஆளு செத்த பொறகுதான் ஏட்ட வெளிய எடுப்பான். நீங்க தெனம் காப்பிக்கு எடுக்கீங்க" என்று. நான் சிரித்தேன். அவளுக்கு நல்ல நகைச்சுவை உண்டு.

மகள் அபிநயா புனேயில் வேலை பார்க்கிறாள். அவளும் இந்தக் கம்ப்யூட்டர் படிப்புதான். அவளாவது மெச்சுவாள் என்று எல்லாவற்றையும் போனில் காட்டினேன். முழுசும் பார்த்துவிட்டு, "அப்பா, கம்பெனிக்காரன் ஒட்டுக்கேட்டா விளம்பரம் போடுவான். நீங்க கேட்டா வியாக்கியானம் போடுவீங்க. அம்மாவுக்கு விளம்பரமே தேவலை" என்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தரங்கத்தின் அருமை தெரியாது அண்ணாச்சி.

தூக்கம் வருகிறதா? இல்லையே? செய்துங்கநல்லூர்தான் தாண்டியிருக்கிறது, நேரம் இருக்கிறது.

இந்த வருஷம் ஆடியில் ஒரு அதிசயம் நடந்தது. ஃப்ரிட்ஜ் திறக்கிறது குறைந்தது. இருபது, பன்னிரண்டு, நாலு, பூஜ்யம். பதினோரு நாள் தொடர்ந்து பூஜ்யம்! நான் பூரித்துப் போனேன். பழைய பிளாண்டு கூட்டாளிகளுக்கெல்லாம் சொன்னேன், கண்காணிப்பு இருந்தால் ஒழுக்கம் தானாக வரும் என்று. வடிவிடமும் சொன்னேன், சாயங்காலம், காப்பியை வாங்கிக்கொண்டே. "பாத்தியா, பதினோரு நாளா இந்த வீட்டுல யாரும் ஃப்ரிட்ஜையே தொறக்கல." அவள், "அப்படியா? பால் நல்லா இருக்கா?" என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன்.

பன்னிரண்டாம் நாள்தான் கையும் களவுமாகப் பிடித்தேன். அந்த சென்சார் எப்படியென்றால், கதவில் ஒரு சின்னக் காந்தம், சட்டத்தில் ஒரு சுவிட்சு. காந்தம் பக்கத்தில் இருந்தால் கதவு மூடியிருக்கிறது என்று அர்த்தம். இவள் என்ன செய்திருக்கிறாள், அபிநயா ஊட்டியிலிருந்து வாங்கி வந்த அன்னாசிப்பழ பொம்மை ஒன்று ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, பின்னால் காந்தம் உள்ளது, அதை எடுத்துச் சட்டத்துச் சுவிட்சோடு ஒட்டிவிட்டாள். கதவை எப்படித் திறந்தாலும் சித்திரகுப்தனுக்கு மூடியே இருக்கிறது! எட்டாம் வகுப்போடு நின்றவள். நான் எவ்வளவு விளக்கப் படம் வைத்துச் செய்தது. "இது யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன். "யாரும் சொல்லல. தெனம் அதையே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். இது நாசவேலையா இல்லையா? பிளாண்டாக இருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

நான் விடுவேனா? ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு வெளிச்ச சென்சார் வைத்தேன். கதவு திறந்தால் உள்ளே பல்பு எரியும் அல்லவா, எரிந்தால் ஒன்று. அதற்கு அவளிடம் மருந்தில்லை. அதோடு ஒரு ஸ்பீக்கரும் வைத்து, என் குரலையே பதிவு செய்து போட்டேன். கம்பெனிக்காரன் பேசுகிற தமிழ் காதில் வைக்க முடியாது. "வணக்கம். இன்றைய வீட்டு அறிக்கை." நன்றாகவே வந்திருக்கிறது, ரேடியோ செய்தி மாதிரி. தினம் சாயங்காலம் ஆறரைக்கு. நான் வாசிக்க வேண்டிய வேலையும் மிச்சம். வடிவும் என்னைப் பார்த்து முகத்தைச் சுளிக்க வேண்டியதில்லை.

இப்போது சஷ்டிக்கு வருகிறேன்.

வடிவு இருபத்திரண்டு வருஷமாக ஆறு நாளும் விரதம் இருக்கிறவள். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர், ராத்திரி ஒரு டம்ளர் பால். எங்கள் தெருவில் விரதம் என்றால் வடிவு. ஆறு நாளும் சாயங்காலம் பெண்டுகள் எங்கள் வீட்டில்தான் கூடிப் பாராயணம் செய்வார்கள். இந்த வருஷம் சொர்ணம் மதினி தன் மருமகளையும் விரதத்தில் உட்கார்த்தி வைத்திருந்தாள். செல்வி என்று பெயர், முத்துச்செல்வி. கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் பிள்ளை இல்லை. "இவளுக்குப் பாலும் கெடையாது, ஆறு நாளும் வெறுந் தண்ணிதான். முருகன் குடுக்காம எங்க போவாரு?" என்று மதினி எல்லார் முன்னாலும் சொன்னாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு இருந்தது.

முதல் நாள். நான் காலையிலேயே ஜங்ஷனுக்குப் போய்விட்டேன், ஒரு ரிலே போர்டு வாங்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வந்தேன். கூடத்தில் பதினொரு பெண்டுகள். குத்துவிளக்கு, ஊதுபத்தி, பாராயணம் உச்சத்தில் இருக்கிறது. மணி ஆறரை.

"வணக்கம். இன்றைய வீட்டு அறிக்கை."

நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். பிளாண்டுக்கு மந்திரி வந்தாலும் ஷிப்டு அறிக்கை நிற்காது அண்ணாச்சி. அது ஒரு ஒழுங்கு.

"ஃப்ரிட்ஜ் கதவு மூன்று முறை திறந்தது. மதியம் ஒன்று நாற்பது. ஒன்று நாற்பத்து மூன்று. ஒன்று ஐம்பத்து ஐந்து. அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர், ஒருவர்."

பாராயணம் நின்றது. பாதி வரியில் நின்றது. எல்லாரும் வடிவைப் பார்த்தார்கள். சொர்ணம் மதினிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி வடிவு, முருகன் ஒங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ளயா இருக்காரு?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தச் செல்விக்கு மட்டும் முகம் வெளுத்துப் போயிற்று, பசியாக இருக்கும் என்று நினைத்தேன். வடிவு, நின்ற வரியிலிருந்து எடுத்துப் பாடினாள். தனியாகத்தான் பாடினாள், பிறகு ஒவ்வொருத்தராகச் சேர்ந்தார்கள். முடித்தாள், திருநீறு கொடுத்தாள், வாசல் வரைக்கும் போய் எல்லாரையும் அனுப்பினாள்.

திரும்பி வந்து ஃப்ரிட்ஜ் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, அதன் முன்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கதவு அரை நிமிஷத்துக்கு மேல் திறந்திருந்தால் என் குரல் எச்சரிக்கும். "ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது. தயவுசெய்து மூடவும்." அரை நிமிஷம். மறுபடியும். அரை நிமிஷம். மறுபடியும்.

"மூடு வடிவு" என்றேன்.

"கேளுங்க."

"கரண்டு வீணாப் போகுது."

"ஒங்க சத்தந்தான? நல்லாக் கேளுங்க. மூணு வருசமா நான் ஒருத்தியாக் கேட்டேன்."

முக்கால் மணி நேரம். தொண்ணூறு தடவை. என் குரல் அவ்வளவு மோசம் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. மூக்கால் பேசுகிறேன். கடைசியில் நானே போய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன். அவள் கதவை மூடிவிட்டுப் பாலைக்கூடக் குடிக்காமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அந்த நிபந்தனையைச் சொன்னாள் என்றேனே, அதைச் சொல்லும்போது நான் பூஜை அலமாரிக்கு மேலே ஏணியில் நின்றுகொண்டிருந்தேன், ஸ்பீக்கர் வயரை மாட்டிக்கொண்டு. தலையை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே சரி சரி என்றேன். இறங்கினால் ஆள் இல்லை. போனை ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டாள். வாசல் கேமராவில் பார்த்தால் ஒரே மஞ்சள். ஒரு துணிப்பையை அதன் தலையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

பார்க்காமல் அழி என்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? முந்தின நாள் மத்தியானத்தை எடுத்தேன். ஒன்று முப்பத்தைந்து. செல்வி வருகிறாள், எதிர்வீட்டுச் செல்வி. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு, தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு. போனைத் தன் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள், அதனால்தான் சித்திரகுப்தன் அவளை எண்ணவில்லை. இரண்டு மணிக்கு வெளியே வருகிறாள், வாயைத் துடைத்துக்கொண்டே. பின்னாலேயே வடிவு. சத்தமும் பதிவாகும் எனக்கு. வடிவு சொல்கிறாள்: "நாளைக்கும் இதே நேரம் வந்துரு. தயிர்ச்சோறு எடுத்து வச்சிருப்பேன். வெறும் வயித்துல அந்த மாத்திரையப் போட்டா கொடலு புண்ணாயிரும்னு டாக்டரம்மா சொன்னாளா இல்லையா? முருகன் கோவிச்சா நான் பேசிக்கிடுதேன்." அந்தப் பெண் அழுகிறாள். இவள் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வருகிறாள்.

விளங்கிற்றா? என் பெண்டாட்டி ஒரு பருக்கை சாப்பிடவில்லை! தயிர்ச்சோற்றை எடுக்க ஒரு தடவை, ஊறுகாய்க்கு ஒரு தடவை, மிச்சத்தை வைக்க ஒரு தடவை. மூன்று. சித்திரகுப்தன் எண்ணினது அத்தனையும் சரி. எனக்கு ஒரே பெருமை.

ஆனால் எங்கள் தெருவில் என்ன நடக்கிறது? பாராயணத்தைச் சொர்ணம் மதினி தன் வீட்டுக்கு மாற்றிவிட்டாள். மோர் வாங்கப் போன இடத்தில் என்னைப் பார்த்து, "வடிவு திருச்செந்தூருல விரதமா? அங்க ஓட்டலு நெறைய இருக்குல்லா" என்கிறாள். மூன்று நாள் பொறுத்தேன். இருபத்திரண்டு வருஷ விரதம் அண்ணாச்சி! கையில் சாட்சி இருக்கும்போது எந்தப் புருஷன் வாயை மூடிக்கொண்டிருப்பான்?

இன்று காலை ஏழரைக்கு அனுப்பிவிட்டேன். எங்கேயா? பாராயணப் பெண்டுகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு. அதில் ஆம்பிளைகள் கிடையாது, அதனால் வடிவு போனிலிருந்தே அனுப்பினேன். பூட்டுத் திறக்கிற நம்பர் எனக்குத் தெரியும், நான்தானே வைத்துக் கொடுத்தேன். படம் முழுசும், சத்தத்தோடு. கீழே ஒரு வரியும் எழுதினேன்: "யார் சாப்பிட்டார்கள் என்று நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்." மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டிலிருந்து வெளியே போன முதல் சேதி இதுதான். ஒரு நல்ல காரியத்துக்காகப் போகட்டும் என்று விட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பார்க்கிறீர்களா, காட்டட்டுமா? முகமெல்லாம் தெளிவாக இருக்கும், நல்ல லென்சு. வேண்டாமா? சரி.

பத்தரை வரைக்கும் பதிலுக்காகக் காத்திருந்தேன். பதினொரு பேரும் பார்த்துவிட்டார்கள், ஒருத்தராவது ஒரு வார்த்தை? எதிர்வீட்டில் மட்டும் ஒரே சத்தம். சொர்ணம் மதினி குரல், பிறகு ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம், பிறகு கேட் அறைகிற சத்தம். அவர்கள் வீட்டுத் தகராறு நமக்கெதற்கு? நான் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன். அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு அறவே கிடையாது.

இப்போது வடிவிடம் போய், உன் பெயரைக் காப்பாற்றிவிட்டேன் வா என்று சொன்னால் வர மாட்டாளா? அழி என்றுதான் சொன்னாள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் அறியாமல் சொன்னது. பதிவேட்டை அழித்தால் நாளைக்கு ஒரு விசாரணை என்று வந்தால் எதைக் காட்டுவது?

ஒரு நிமிஷம். போன். புது நம்பராக இருக்கிறது.

ஹலோ. யாரு? ஏ, வடிவா! இது யார் போனு? பஸ்ஸுலதான் வாரேன், தென்திருப்பேரை தாண்டியாச்சு. ஒனக்குத் தெரிஞ்சிட்டா? யார் காட்டுனா? ஆமா. ஒம் போன்ல இருந்துதான். ஒம் பேர்லதான் போகும், பொறகு யார் பேர்ல போகும்? இல்ல வடிவு, ஒன் நல்லதுக்குத்தான். யாரு? செல்வியா? அங்கயா? எப்ப வந்தா? நீ இருக்க எடம் அவளுக்கு எப்படி? சரி, விடு, நீ எங்க இருக்க? கோயிலுக்கு எந்தப் பக்கம்? கடக்கரைப் பக்கமா, மண்டபத்துப் பக்கமா? ஹலோ? வடிவு?

வைத்துவிட்டாள்.

என்ன சொன்னாளா? "ஏம் பேர்லயா அனுப்புனீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பின்னால் கூட்டம் அரோகரா போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் செல்வி அங்கே வந்துவிட்டாளாம். கட்டின சேலையோடு, கையில் ஒரு பைகூட இல்லாமல். மாமியார்க்காரி நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டிருக்கிறாள், புருஷன்காரன் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். நேரே பஸ் ஏறி இவளிடம் வந்து, "என்னை ஏன் அத்தை காட்டிக் குடுத்தீங்க?" என்று கேட்டதாம். "நான் என்ன சொல்லட்டும் அவகிட்ட, சொல்லுங்க" என்கிறாள் வடிவு. நான் அனுப்பினேன் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, இதில் என்ன இருக்கிறது?

அவள் இருக்கிற இடம் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும் என்றுதான் எனக்கு ஆச்சரியம். கேட்டேன். "அவகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

"நீங்க வராதீங்க. வந்தாலும் நான் வர மாட்டேன்" என்றாள் கடைசியாக. கோபத்தில் சொல்கிறது. பொம்பளைகள் அப்படித்தான். இருங்கள், அதே நம்பருக்கு அடித்துப் பார்க்கிறேன்.

ஹலோ, வடிவு? யாரு? சாத்தான்குளமா? இல்லம்மா, இப்ப ஒங்க போன்ல பேசுனாங்கள்ளா, அவங்க. போயிட்டாங்களா? எந்தப் பக்கமா? தெரியாதா? கூட ஒரு பொண்ணு இருந்திச்சா? கையப் பிடிச்சுக்கிட்டா? சரிம்மா.

கூட்டத்துக்குள் போய்விட்டார்களாம். நாளைக்குச் சூரசம்ஹாரம், இன்றைக்கே லட்சம் பேர் இருப்பார்கள். என்ன சிரிக்கிறீர்கள்? வழி இருக்கிறது அண்ணாச்சி. கோயில் வாசலில் போலீஸ் பந்தலில் மைக்கு வைத்திருப்பார்கள். ஆளைக் காணவில்லை என்றால் பெயர், ஊர், அடையாளம் எழுதிக் கொடுத்தால் போதும், கடற்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவார்கள். வடிவாம்பாள், பாளையங்கோட்டை, கணவர் பெயர் கோமதிநாயகம், கோபித்துக்கொண்டு வந்துவிட்டார், எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும். லட்சம் பேர் கேட்டால் அவள் மட்டும் கேட்காமலா போவாள்?

போட்டோவா? இருக்குமே. என் போனில். இது ரிலே போர்டு. இது டேங்க் மூடி. இது பழைய சென்சார், இது புதுசு. இது ஃப்ரிட்ஜ், உள்ளே. இதில் ஓரத்தில் தெரிகிறது அவள் கைதான், டார்ச் பிடிக்கச் சொல்லியிருந்தேன். கையை வைத்து அடையாளம் காண முடியுமா?

இறங்கப் போகிறீர்களா? குரும்பூர் இன்னும் வரவில்லையே. முன்னாலேயே போய் நிற்கிறீர்களா, சரி. ஒரே ஒரு நிமிஷம். மைக்கில் சொல்லும்போது முதலில் சேலைக் கலரைத்தான் கேட்பார்கள், இல்லையா? பச்சை. சஷ்டிக்காரிகள் எல்லாருமே பச்சைதான் கட்டுவார்கள், அது தெரியும். அதில் என்ன பச்சை என்று கேட்டால்? கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்துப் பச்சை என்று எத்தனையோ இருக்கிறதாமே. அவளிடம் எத்தனை பச்சை இருக்கிறது, அன்றைக்கு எதைக் கட்டிக்கொண்டு போனாள்?

வாசல் கதவு காலை ஆறு பதினேழுக்குத் திறந்தது அண்ணாச்சி. ஆறு பதினெட்டுக்கு மூடியது. இதை எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?